மையவாடியும் ஒரு மோட்டாரும்

அரபு இலக்கணமும் தமிழ் யாப்பும் கற்பித்துக் காலங்கழிக்கும் ஒருவன், எண்ணெயின் அழுத்தத்தால் சுழலும் மோட்டாரைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசக அன்பர்கள் வியப்படையக்கூடும். வியப்புக்கு இடமுண்டு. சென்ற ஆண்டு வரை அப்படியொரு பொருள் உலகில் இருப்பதையே அறியாதவன் நான். அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எதிர்பாராமல் என்னிடம் வந்தது, தேர்ந்தெடுத்தேன், தவறினேன். அத்தவறில் வீணானது என் பணமன்று, ஊரார் நம்பிக் கொடுத்த பணம். ஆகவே இதனை எழுதுவது எனக்கு ஒரு கடமையாகிவிட்டது.

திருச்சிராப்பள்ளி நகரின் ஓரத்தில், உய்யக்கொண்டான் கால்வாய்க்கு அணித்தாக எங்கள் மஹல்லாவின் மையவாடி இருக்கிறது. என் தந்தையார் அடங்கியிருப்பதும் அங்கேதான். நான் சிறுவனாக இருந்தபோது, வாயிலில் நின்றால் கடைசி வரிசைக் கப்ருகள் வரை கண்ணுக்குத் தெரியும். பின்னர் சீமைக் கருவேல் புகுந்தது. 1877-இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட அந்த அயல்நாட்டு மரம், விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று வரவேற்கப்பட்டுப் பின்னர் தமிழகத்தின் கண்மாய்களையும் தரிசுகளையும் கைப்பற்றிக்கொண்ட கதை யாவரும் அறிந்ததே. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றுமாறு ஆணையிட்டபோது ஊர்தோறும் இயந்திரங்கள் புறப்பட்டன. எங்கள் மையவாடிக்கு மட்டும் அவற்றால் பயனில்லை.

காரணம் எளியது. சீமைக் கருவேலை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால்தான் ஒழியும். கப்ருகளின் நடுவே வேரைப் பிடுங்கினால் அடங்கியிருப்போரின் இடம் கலைந்துவிடும். அது நமக்கு ஆகாத செயல். எனவே பிடுங்காமல், ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் தரையோடு தரையாக வெட்டி வருவதே வழி. கையால் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைப்பவரும் முள்ளுக்கு அஞ்சி இரண்டாம் நாள் வருவதில்லை.

டிராக்டரின் பின்னால் பூட்டிப் புதர் வெட்டும் கருவி ஒன்றுண்டு. இரும்புக் கூண்டின் அடியில் கனத்த கத்திகள் சுழலும். டிராக்டரின் பின்புறத் தண்டு அவற்றைச் சுழற்றும். எங்கள் உறவினர் ஒருவர் தம் தோப்பில் கிடந்த நான்கடி அகலக் கருவியை மையவாடிக்கென்று இனாமாகக் கொடுத்தார். ஆனால் டிராக்டர் செல்லும் இடத்திற்குத்தான் அக்கருவியும் செல்லும். கப்ருகளை மிதிப்பதையே மார்க்கம் தடுத்திருக்க, அவற்றின்மீது சக்கரத்தை ஏற்றுவது எங்ஙனம்?

அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் என் தமக்கை மகன்தான் ஒரு யோசனை சொன்னான். "மாமு, மண் தோண்டும் இயந்திரத்தின் நீண்ட கையில் இந்தக் கருவியை மாட்டிவிடலாம். வண்டி நடைபாதையிலேயே நிற்கும். கை மட்டும் கப்ருகளுக்கு மேலாக நீண்டு வெட்டும். பின்புறத் தண்டுக்குப் பதிலாக ஒரு ஹைட்ராலிக் மோட்டார் வேண்டும். பாறை உடைக்கும் கருவிக்கென்று அந்த வண்டியில் எண்ணெய்க் குழாய் இருக்கிறது. அதிலிருந்தே மோட்டாரைச் சுழற்றலாம்" என்றான்.

ஜமாஅத்தில் இதை எடுத்துரைத்தேன். வசூல் நடந்தது. செல்வர்கள் ஆயிரங்கள் கொடுத்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் ஐம்பது ரூபாய் நோட்டை என் கையில் வைத்து, "ஹஜ்ரத், எங்க வீட்டுக்காரரு கப்ரைப் பார்த்து ஆறு வருஷமாச்சு. உள்ளே போக வழியில்லை. எப்படியாவது வழி பண்ணுங்க" என்றார். கணக்கும் கையிருப்பும் என் பொறுப்பில் விடப்பட்டன. பராஅத் இரவுக்கு இன்னும் ஐந்து வாரங்களே இருந்தன. அன்றிரவு மக்கள் ஜியாரத்துக்கு வருமுன் பாதை திறந்தாக வேண்டும் என்ற தவிப்பு என்னுள் புகுந்தது.

அத்தவிப்பில்தான் நான் சறுக்கினேன். மருமகன், "முதலில் வண்டியின் குழாயில் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வருகிறது என்று அளந்து பார்ப்போம். அதற்கேற்ற மோட்டாரைப் பிறகு வாங்கலாம்" என்றான். அளக்கும் கருவியை வாடகைக்குக் கொண்டுவர ஒரு வாரமாகும் என்றான். எனக்கோ பொறுமையில்லை. பழைய இரும்புக் கடை ஒன்றில் பெரிய மோட்டார் ஒன்று 9,000 ரூபாய்க்கு இருப்பதாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். இரு கைகளாலும் தூக்க முடியாத கனம். ஒரு சுற்றுக்கு 400 கன சென்டிமீட்டர் எண்ணெய் கொள்ளும் மோட்டார் அது. "சீமைக் கருவேலை வெட்டச் சிறிய மோட்டார் போதுமா? பெரியதாக இருந்தால்தானே பலமும் பெரியதாக இருக்கும்? புதியதை வாங்கினால் இருபதாயிரத்துக்கு மேல் ஆகும். ஜமாஅத் பணத்தை மிச்சப்படுத்துவது நம் கடமையல்லவா, மாப்பிள்ளை?" என்று வாதிட்டேன். அவன் தயங்கினான். மாமன் சொல்லைத் தட்ட மனமின்றி இசைந்தான்.

வெள்ளோட்டத்தன்று ஜமாஅத்தார் கூடியிருந்தனர். பிஸ்மில்லாஹ் சொல்லி நெம்புகோலைத் தள்ளினார்கள். கத்தி சுழன்றது, ஆனால் செக்குமாடு சுற்றுவதுபோல் சுழன்றது. கருவேலங் கிளைகள் அறுபடவில்லை. வளைந்தன, நார்நாராகக் கிழிந்தன, கத்தியைச் சுற்றிக்கொண்டன. ஓரிடத்தில் கட்டைவிரலைவிடச் சற்றே பருத்த அடிக்கட்டையில் கத்தி மாட்டி நின்றது. மோட்டார் நிற்க மறுத்தது. உள்ளே கடகடவென்று ஓர் ஓசை எழுந்தது. கருவியின் கியர் பெட்டிக்குள் பற்கள் முறிந்துவிட்டன. கூடியிருந்தோர் ஒன்றும் பேசாமல் கலைந்தார்கள். அந்த மௌனத்தைவிட ஏச்சு எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மறுநாள் அஸருக்குப் பின் சத்திரம் பேருந்து நிலையத்தில் 1-ஆம் எண் பேருந்து ஏறித் திருவரங்கம் சென்றேன். அங்கே உத்தர வீதி ஒன்றில் என் நெடுநாள் நண்பர் இருக்கிறார். வைணவர், கம்பனில் தோய்ந்தவர். மர்ஹூம் நீதிபதி மு.மு. இஸ்மாயீல் அவர்களின் கம்பன் நூல்களே எங்கள் இருவரையும் முதலில் ஒன்றுசேர்த்தவை. அவர் திருவெறும்பூரில் உள்ள பாரத மிகுமின் நிறுவனத்தில், உயரழுத்தக் கொதிகலன்கள் செய்யும் ஆலையில், பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அழுத்தம் என்றால் என்ன என்பதை வாழ்நாள் முழுதும் அறிந்தவர். திண்ணையில் அமர்ந்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "பாய், எத்தனை லிட்டர் எண்ணெய் வருகிறது என்று அளந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால், அளவு எடுக்காமல் சட்டை தைத்திருக்கிறீர்கள்" என்றார்.

பிறகு விளக்கலானார். "முக்கொம்பைப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து போனதால் நீரில் பெரும்பகுதி அதிலேயே ஓடித் தஞ்சைப் பாசனம் நலிந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டினார். அந்த அணை ஒரு சொட்டு நீரையாவது உண்டாக்கியதா? இல்லை. வந்த நீரை எந்தப் பக்கம் எவ்வளவு என்று பங்கிட்டது. மோட்டாரும் அப்படித்தான். அது பலத்தை உண்டாக்குவதில்லை. வண்டியின் பம்பு கொடுக்கும் பலத்தை வாங்கி, வேகமாக இவ்வளவு, முறுக்கு விசையாக இவ்வளவு என்று பங்கிடுகிறது. பெரிய மோட்டார் ஒரு சுற்றுக்கு நிறைய எண்ணெய் கேட்கும். ஆகவே முறுக்கு மிகும், வேகம் குறையும். சிறிய மோட்டாருக்கு வேகம் மிகும், முறுக்கு குறையும். இரண்டுக்கும் மொத்தப் பலம் ஒன்றே."

எனக்குச் சட்டென்று புலனாயிற்று. அரபுச் சொல்லிலக்கணத்தில் வஸ்ன் என்று ஒன்று உண்டு. எடை, அளவு என்பது அதன் பொருள். மூல எழுத்துகள் மூன்றும் மாறுவதில்லை. எந்த வஸ்னில் வார்க்கிறோமோ அதற்கேற்ப எழுதினான் என்றும், எழுதுபவன் என்றும், எழுதப்பட்டது என்றும் சொல் மாறும். "பலம் என்பது மூலம், மோட்டார் என்பது வஸ்ன். அப்படித்தானே சுவாமி?" என்றேன். அவர் மகிழ்ந்து, "என் அதிகாரிகளுக்கு இப்படிச் சொல்ல எனக்குத் தெரியாமல் போயிற்றே!" என்றார்.

அடுத்த வாரம் அளக்கும் கருவி வந்தது. வெறுமனே ஓடும்போது அளந்தால் ஏமாந்துபோவோம், எண்ணெய் சூடேறிய பின், அழுத்தத்தைச் சுமந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்று நண்பர் எச்சரித்திருந்தார். அவ்வாறே அளந்தோம். 150 பார் அழுத்தத்தில் நிமிடத்திற்கு 70 லிட்டர் வந்தது. இதனைக் கொண்டு அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன். இத்தகைய வேலையில் இறங்கும் பிற ஜமாஅத்தாருக்கும் விவசாயிகளுக்கும் பயன்படலாம்.

முதலாவது, பலம். லிட்டரை அழுத்தத்தால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 70-ஐ 150-ஆல் பெருக்கி வகுக்க 17.5 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 23 குதிரைத்திறன். எந்த மோட்டாரை வைத்தாலும் இதற்குமேல் ஓர் அணுவும் கிடைக்காது.

இரண்டாவது, வேகம். மோட்டாருக்குள் கசிவுக்கென்று பத்தில் ஒரு பங்கைத் தள்ளினால் 63 லிட்டர் எஞ்சும். அதாவது 63,000 கன சென்டிமீட்டர். இதனை மோட்டாரின் கொள்ளளவால் வகுத்தால் நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்று தெரியும். நான் வாங்கிய 400-க்கு 157 சுற்று. எங்கள் கருவியோ டிராக்டர் தண்டின் 540 சுற்றுக்கென்று செய்யப்பட்டது. கியர் பெட்டி அதை ஒன்றரை மடங்காக்கிக் கத்திக்குக் கொடுக்கும். 540 சுற்றில் கத்திமுனை நொடிக்கு ஐம்பது மீட்டர் வேகத்தில் பாயும். அந்த வேகந்தான் கிளையை அறுக்கிறது. என் மோட்டாரில் கத்திமுனையின் வேகம் நொடிக்குப் பதினைந்து மீட்டர்கூட இல்லை. அறுபடாமல் வளைந்ததில் வியப்பென்ன?

மூன்றாவது, முறுக்கு விசை. கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கி 62.8-ஆல் வகுக்க வேண்டும். 400-க்கு 955 நியூட்டன் மீட்டர் வந்தது. அந்தக் கியர் பெட்டியோ 40 குதிரைத்திறன் டிராக்டருக்கானது. 540 சுற்றில் அது சுமக்கக்கூடியது 530 அளவுதான். தாங்கக்கூடியதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கை அதன்மேல் ஏற்றியவன் நான். பற்கள் முறியாமல் என்ன செய்யும்?

இனி எது பொருத்தம்? 63,000-ஐ 540-ஆல் வகுத்தால் 117 வருகிறது. கடையில் 100, 125, 160 என்ற அளவுகளில்தான் இவ்வகை மோட்டார்கள் கிடைக்கின்றன. 100 என்றால் 630 சுற்று; கியர் பெட்டியின் வரம்பை மீறும். 160 என்றால் 394 சுற்று, வேகம் போதாது. 125 என்றால் 504 சுற்று, 298 நியூட்டன் மீட்டர் முறுக்கு; இரண்டும் வரம்புக்குள் அடங்கின. ஆக, 125 என்று முடிவாயிற்று.

அத்துடன் முடிந்ததா? இல்லை. 125 என்று எழுதிய மோட்டார்களிலேயே இரு வகை இருந்தன. ஒன்று, தொடர்ந்து ஓடுகையில் நிமிடத்திற்கு 60 லிட்டர் வரையே தாங்கும்; பெரிய உடலமைப்புள்ள மற்றொன்று 75 லிட்டர் வரை தாங்கும். விலையில் சில ஆயிரங்கள் வேறுபாடு. என் கை மீண்டும் மலிவானதை நோக்கி நீண்டது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மருமகன் இம்முறை விட்டுக்கொடுக்கவில்லை. "மாமு, நமக்கு வருவது 70" என்றான். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

மேலும் இரண்டு செய்திகளை நண்பர் வலியுறுத்தினார். மோட்டாருக்குள் கசியும் எண்ணெய்க்கென்று ஒரு சிறு குழாயைத் தனியே வைத்து, அதை நேரே எண்ணெய்த் தொட்டியில் சேர்க்க வேண்டும். இல்லையேல் உள்ளே அழுத்தம் தேங்கித் தண்டின் அடைப்பு வளையத்தைப் பிதுக்கிவிடும். மற்றொன்று, நெம்புகோலை மூடியவுடன் கனத்த கத்தி நின்றுவிடாது. தன் வேகத்தில் சுழன்று மோட்டாரையும் இழுத்துச் சுழற்றும். அப்போது எண்ணெய் வட்டமாகத் திரும்பி ஓடுவதற்கு ஓர் ஒருவழி வால்வு வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் வெற்றிடமும் மறுபக்கம் கடும் அழுத்தமும் எழுந்து மோட்டாரைச் சிதைக்கும். கத்தி முற்றும் நிற்கும்வரை எவரும் அருகில் செல்லலாகாது. கூண்டைச் சுற்றிச் சங்கிலித் திரை தொங்க வேண்டும். கல் தெறித்தால் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும் என்றும் சொன்னார்.

பேச்சினிடையே நம் முன்னோரையும் அவர் நினைவூட்டினார். இன்று துருக்கியில் தியார்பக்கிர் எனப்படும் நகரில் வாழ்ந்த அல்-ஜஸரீ, 1206-இல் நிறைவு செய்த தம் நூலில், ஓடும் நீரின் விசையாலேயே இரட்டைப் பம்புகளை இயக்கி நீரை மேலேற்றும் பொறியை விவரித்திருக்கிறார். அந்நூலின் பெயரில் 'ஹியல்' என்ற சொல் வருகிறது. அதன் ஒருமை 'ஹீலா'. மதரஸாவில் ஓதிய நமக்கு ஹீலா என்றால் சட்டத்தின் சந்துகளில் நுழைந்து தப்பும் உபாயமே நினைவுக்கு வரும். அல்-ஜஸரீக்கோ அது அறிவால் அமையும் இயந்திர நுட்பம். பின்வரும் தச்சனும் கொல்லனும் செய்துகொள்ளும்படி உறுப்புகளின் அளவுகளை அவர் குறித்துவைத்தார். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623–1662) அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எத்திசையிலும் சமமாகப் பரவும் என்று நிறுவியதும், 1795-இல் ஜோசப் பிராமா அவ்விதியைக் கொண்டு நீரழுத்தப் பொறி சமைத்ததும் அதன் பின்னரே. நானோ இந்த விஷயத்தில் முதல் பொருள்படி ஹீலா செய்தவன். அளக்காமல் தப்பப் பார்த்தவன்.

வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட்ட பின்னரே இறங்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆண்டுதோறும் அதை மாணவர்க்குப் பாடம் நடத்துகிறவன் நான். வெட்டும் பணி செயல், கருவேல் எதிரி, மோட்டார் நம் கைப்பொருள், வண்டியின் பம்பும் கியர் பெட்டியும் துணை. மோட்டாரின் கனத்தை மட்டும் பார்த்து மற்ற மூன்றையும் மறந்தேன். பாடம் நடத்துவது வேறு, பாடம் படிப்பது வேறு என்பதை ஐம்பது வயது கடந்து உணர்ந்தேன்.

புதிய மோட்டார் 21,500 ரூபாய். கியர் பெட்டியைச் சீர்செய்ய 7,000. ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் முன்னிலையில் எழுந்து நின்றேன். "மிச்சம் பிடிப்பதாக எண்ணி வீண் செலவு செய்தேன். அளந்து பார்ப்போம் என்று சொன்னவன் என் மருமகன், அவசரப்பட்டவன் நான். பழைய மோட்டாரின் 9,000 ரூபாயும் சீர்செய்த 7,000 ரூபாயும் என் பொறுப்பு" என்றேன். முத்தவல்லி, "நல்லெண்ணத்தில் செய்தது, போகட்டும்" என்றார். நான் இசையவில்லை. அமானத்தைக் காப்பவனுக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. அளந்தறியும் கடமையும் உண்டு. மாதந்தோறும் இரண்டாயிரம் வீதம் எட்டு மாதங்களில் அதைச் செலுத்தி முடித்தேன்.

பராஅத் இரவுக்குள் வேலை முடியவில்லை. அந்த ஆண்டு மக்கள் வாயிலில் நின்றே ஓதித் திரும்பினார்கள். அந்த வருத்தம் என்னோடு இருக்கிறது. ரமழானுக்கு மூன்று நாள் இருக்கும்போது புதிய மோட்டார் பூட்டப்பட்டது. வண்டி பாதையில் நின்றது, கை நீண்டது, கத்தி சீரான ஓசையுடன் சுழன்றது. இரண்டங்குலப் பருமன் வரையிலான கிளைகள் தூளாகி விழுந்தன. பருத்த மரங்களை முன்னதாகவே ரம்பத்தால் அறுத்திருந்தோம். ஒரு கப்ரின் மீதும் சக்கரம் ஏறவில்லை.

இரண்டாம் நாள் மாலை அந்த மூதாட்டி வந்தார். வெட்டிய சருகுகளுக்கிடையே மெல்ல நடந்து, மூன்றாம் வரிசையில் ஒரு மீஸான் கல்லின் முன் நின்றார். கையேந்தினார். நெடுநேரம் நின்றார். திரும்பும்போது என்னைப் பார்த்து, "எந்த மோட்டாரு ஹஜ்ரத், இதுவா?" என்று கேட்டார். ஆமென்றேன். "சின்னதாத்தான் இருக்கு" என்றார்.

கப்ரின் தலைமாட்டில் நாம் நடும் கல்லை மீஸான் என்கிறோம். தராசு என்பதும் மீஸானே. வஸ்ன் என்ற சொல் பிறந்த அதே வேரில்தான் அதுவும் பிறந்தது. அச்சொற்களை முப்பது ஆண்டுகள் கற்பித்தேன். அவற்றின் பொருளை எனக்குக் கற்பித்தது, ஒரு சுற்றுக்கு 125 கன சென்டிமீட்டர் கொள்ளும் ஓர் இரும்புத் துண்டு.

மழைக்காலம் முடிந்து கருவேல் மீண்டும் துளிர்த்திருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் வண்டி வருகிறது. கத்தியைத் தொடங்குமுன் எண்ணெய் ஓட்டத்தை மறுபடி அளக்க வேண்டும் என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். இம்முறை அவன் கேட்கவில்லை, நானே சொன்னேன்.